ஒரு சிறு செடி கற்பிக்கும் விதைப் பாடம்

வீரிய ஒட்டு மக்காச்சோளம் பயிரிட்டு நல்ல மகசூல் கண்ட விவசாயி, அடுத்த பருவத்திற்கு அதே வயலிலிருந்து விதை எடுத்து வைத்தால் என்ன என்று எண்ணுவது இயல்பே. அவ்வாறு விதைத்தால் பயிர் நெட்டையும் குட்டையுமாக எழும், கதிர் ஒரே சமயத்தில் முற்றாது, விளைச்சல் குறையும். குற்றம் மண்ணிலும் இல்லை, எருவிலும் இல்லை. கலப்பினத்தின் இயல்பே அதுவாகும். இவ்வியல்பைக் கண்கூடாகக் காட்டும் சிறு செடி ஒன்றை, விதை முதல் மலர் வரை வளர்க்கும் முறையை இங்கே ஆராய்வோம்.

செடியின் இயல்பு

இச்செடியின் பெயர் 'பிங்குயிகுலா'. இலத்தீன் மொழியில் 'பிங்குயிஸ்' என்பதற்குக் கொழுப்பு நிறைந்தது என்று பொருள். இலையின் மேற்புறம் வெண்ணெய் தடவியதுபோல் பளபளப்பதால் ஆங்கிலேயர் இதனைப் 'பட்டர்வொர்ட்' என்றனர். நாம் வெண்ணெய்ப்பூண்டு என்று வழங்குவோம். இதில் ஏறத்தாழ 100 இனங்கள் உள்ளன. அவற்றுள் பாதியளவு மெக்சிகோ நாட்டு மலைகளில், சுண்ணாம்புப் பாறை இடுக்குகளிலும் பாசி படர்ந்த சரிவுகளிலும் வளர்கின்றன. நம் நாட்டில் இமயமலையில் ஓர் இனம் உண்டு.

அச்சரிவுகளில் தழைச்சத்து மிகக் குறைவு. ஆகவே இச்செடி தனக்குரிய எருவைப் பூச்சிகளிடமிருந்து பெறுகிறது. இலையின்மேல் இருவகைச் சுரப்பிகள் உள்ளன. காம்புள்ளவை பசையைச் சுரந்து சிற்றீக்களைப் பிடிக்கின்றன. காம்பற்றவை செரிமான நீரைச் சுரந்து அவற்றைக் கரைக்கின்றன. சார்லஸ் டார்வின் பூச்சியுண்ணும் செடிகளைப்பற்றி 1875-இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்தார். வட ஐரோப்பாவிலுள்ள லாப்லாந்து மக்கள் இதன் இலைமீது பாலை ஊற்றி வடித்துத் தயிர்போல் கெட்டியாக்கும் வழக்கத்தை, லின்னேயஸ் 1737-இல் குறித்துள்ளார்.

கையால் செய்யும் கலப்பு

ஒரு காம்பில் ஒரு மலரே பூக்கும். மலரினுள் மகரந்தத் தாள்கள் இரண்டு. சூல்முடி ஒரு சிறு மடலாகத் தொங்கி அவற்றை மறைத்து நிற்கும். தந்தையாகக் கொள்ளும் செடியின் மலரில் இம்மடலைப் பல்குச்சியின் நுனியால் மெல்லத் தூக்கி, அடியிலுள்ள மகரந்தத்தை எடுக்கவேண்டும். அதனைத் தாய்ச்செடியின் சூல்முடியில், மலர்வாயை நோக்கிய பக்கத்தில் தடவவேண்டும். உடனே இரு பெற்றோரின் பெயரையும் நாளையும் சீட்டில் எழுதி மலர்க்காம்பில் கட்டவேண்டும். சீட்டில்லாத விதை பெயரற்ற விதையாகும். சில வாரங்களில் காய் பழுப்பு நிறம் பெற்று வெடிக்கும். வெடிக்குமுன் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பொருத்தி வைத்தல் நலம். விதை தூள்போல் நுண்ணியதாகலின் காற்றில் பறந்துவிடும்.

விதைப்பும் நாற்றுப் பராமரிப்பும்

கழுவிய குறுமணலுடன் பெர்லைட், வெர்மிகுலைட் ஆகியவற்றைக் கலந்து ஆழமற்ற சட்டியில் நிரப்பவேண்டும். தொழு உரமோ இரசாயன உரமோ சேர்த்தல் ஆகாது; வேர் கருகிவிடும். விதையை மேலாகத் தூவவேண்டும், மண்ணால் மூடக்கூடாது. சட்டியைத் தட்டில் வைத்து, தட்டில் மழைநீர் ஊற்றி அடியிலிருந்து ஈரம் ஏறச் செய்யவேண்டும். மேலிருந்து நீர் ஊற்றினால் விதை ஒரு மூலையில் குவிந்துவிடும். கண்ணாடியால் மூடி, கடும் வெயில் படாத வெளிச்சத்தில் வைத்தால், மெக்சிகோ இனங்களின் புதிய விதை பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் முளைக்கும். குளிர்நாட்டு இனங்களின் விதைக்கோ முதலில் சில வாரக் குளிர் தேவை.

முளைத்த நாற்று ஊசிமுனையளவே இருக்கும். கண்ணாடியைச் சிறிது சிறிதாக விலக்கிக் காற்றுக்குப் பழக்கவேண்டும். இல்லையேல் பூசணம் தாக்கும். நெருங்கிய நாற்றுகளைச் சில மாதங்களுக்குப்பின் பிரித்து நடவேண்டும். குளிர்காலத்தில் மெக்சிகோ இனங்கள் பசையற்ற சிறு சதை இலைகளை நெருக்கமாக விடும். அப்போது நீரை வெகுவாகக் குறைக்கவேண்டும். செடி நோயுற்றதென்று எண்ணி நீரை மிகுதியாக ஊற்றுவோர் அதனை அழுகச் செய்துவிடுவர். ஓய்வு முடிந்து பசையிலை திரும்பும். விதைத்ததிலிருந்து முதல் மலர் காண ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை ஆகலாம்.

மலர்ந்தபின் தெரியும் உண்மை

ஒரே காயின் விதைகள் மலரும்போது ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்றன் மலர் பெரியது; மற்றொன்றன் நிறம் வெளிறியது; வேறொன்று தாயையே ஒத்தது. பெற்றோர் தூய்மைப்படுத்தப்படாத காட்டுச் செடிகளாதலின், அவற்றின் மறைந்த குணங்கள் ஒவ்வொரு விதையிலும் வெவ்வேறாகச் சேருகின்றன. மொரானென்சிஸ், ஏலர்சியே என்னும் இரு மெக்சிகோ இனங்களின் கலப்பில் பிறந்தவை 'வேசர்', 'சேதோஸ்' என்னும் புகழ்பெற்ற இரு செடிகள். பெற்றோர் அவ்விரு இனங்களே. மலரின் வரியும் நிறமும் வேறு.

'வேசர்' செடியின் விதையை விதைத்தால் 'வேசர்' வாராது. அதனைப் பெருக்க இலையே வழி. குளிர்கால இலையை அடிப்பகுதி முறியாமல் பிரித்து ஈர மணல்மீது கிடத்தினால், சில வாரங்களில் இலையடியில் குட்டிச் செடிகள் தோன்றும். அவை தாயின் குணத்தை அப்படியே பெற்றிருக்கும்.

நமக்குரிய பாடம்

இது நமக்குப் புதிய செய்தியன்று. கோயம்புத்தூரில் 1912-இல் நிறுவப்பெற்ற கரும்பு இனப்பெருக்க நிலையத்தில், பார்பர், வெங்கட்ராமன் ஆகியோர் வளமான கரும்பைக் காட்டுக் கரும்புடன் கலந்தனர். அவ்வழியில் வந்த கோ 205 என்னும் கரும்பு 1918-இல் வெளியிடப்பட்டது. கரும்பின் விதையிலும் நாற்றுக்கு நாற்று குணம் மாறும். சிறந்த ஒன்றைத் தேர்ந்து கரணையால் பெருக்குவதாலேயே வயல் முழுவதும் ஒரே கரும்பு நிற்கிறது. இலையால் பெருகும் வெண்ணெய்ப்பூண்டும் கரணையால் பெருகும் கரும்பும் ஒரே விதிக்கு உட்பட்டவை.

மக்காச்சோளத்தைக் கரணையால் பெருக்க இயலாது. ஆதலின் பல தலைமுறை தூய்மைப்படுத்திய இரு பெற்றோரைக் கலந்து விதை உண்டாக்குகின்றனர். முதல் தலைமுறை ஒன்றுபோல் எழும். அதிலிருந்து எடுக்கும் விதையிலோ பாட்டன் பாட்டியின் குணங்கள் பிரிந்து வெளிப்படும். நெல் போன்று தன் மகரந்தத்தால் தானே கருவுறும் பயிரின் தூய ரகத்தில் இக்கேடு இல்லை. கலப்பில்லாமல் காத்த விதையை மறுபடி விதைக்கலாம்.

ஆகவே விதை வாங்கும்போது, இது ரகமா, வீரிய ஒட்டா என்று முதலில் கேட்டறிதல் வேண்டும். ரகமாயின் நல்ல கதிர்களைத் தேர்ந்து சேமிக்கலாம். வீரிய ஒட்டாயின் ஒவ்வொரு பருவமும் புதுவிதை வாங்கும் செலவையும் கணக்கிட்டே சாகுபடியில் இறங்கவேண்டும். பையின்மேலுள்ள அட்டையையும் வாங்கிய ரசீதையும் அறுவடை வரை பத்திரமாக வைத்திருத்தல் வேண்டும். பஞ்சாயத்து உறுப்பினர்கள் விதைப்புக்கு முன்பே ஊர்க்கூட்டத்தில் இவ்வொரு வேறுபாட்டை எடுத்துரைத்தால், ஏமாற்றம் ஒரு குடும்பத்திற்கேனும் தவிர்க்கப்படும்.