குதிரையும் உரிமையாளரும்: திட்டமிடுவது முதல் பிரிண்ட் வரை

டிஜிட்டல் கேமராவும் கம்ப்யூட்டரும் வீட்டுக்கு வந்ததும் பிறந்த நாள், திருமணம், திருவிழா என்று எல்லாவற்றையும் படம் எடுக்கிறோம். வீட்டில் வளர்க்கும் பிராணியையும் எடுக்கிறோம். ஆனால் அந்தப் பிராணியும் அதை வளர்ப்பவரும் சேர்ந்து நிற்கும் ஒரு நல்ல படம் பல வீடுகளில் இருக்காது. காரணம் எளிது. படம் எடுப்பவரே வளர்ப்பவராக இருப்பதால் அவர் எப்போதும் கேமராவுக்குப் பின்னால் நின்றுவிடுகிறார்.

பழநியில் குதிரை வண்டி ஓட்டும் ஒருவர் எனக்குப் பழக்கம். அவருடைய பழைய குதிரைக்கு 20 வயதைத் தாண்டிவிட்டது. இப்போது வண்டி இழுப்பதில்லை. "எங்க அப்பா வச்சிருந்த குதிரை போட்டோ ஒண்ணுகூட இல்லீங்க. இதுக்காவது நல்லதா ஒண்ணு எடுத்துக் கொடுங்க" என்று கேட்டார். நன்றாகப் பராமரித்தால் குதிரை 25 முதல் 30 ஆண்டுகள் வரை வாழும். எனவே இதைத் தள்ளிப்போட முடியாது.

அந்தப் படத்திற்காக நான் செய்த ஏற்பாடுகளை இங்கே வரிசையாகத் தருகிறேன். முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குதிரை பதறினால் உரிமையாளரின் கவனமெல்லாம் கயிற்றில்தான் இருக்கும். முகத்தில் சிரிப்பு வராது. குதிரையை அமைதியாக வைத்திருப்பதுதான் இங்கே பாதி வேலை.

குதிரை எப்படிப் பார்க்கிறது?

குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கங்களிலும் இருக்கின்றன. தலையைத் திருப்பாமலேயே ஏறக்குறைய 350 டிகிரி வரை அதனால் பார்க்க முடியும். நெற்றிக்கு நேர் முன்னால் மிக அருகிலும், வாலுக்கு நேர் பின்னாலும் உள்ள இடங்கள் மட்டும் தெரியாது. அந்த இரண்டு பக்கங்களிலிருந்தும் குதிரையை நெருங்காதீர்கள். தோள் பக்கமாக, பேசிக்கொண்டே மெதுவாகச் செல்லுங்கள்.

வண்டிக் குதிரைக்குக் கண்ணின் இரு ஓரங்களிலும் மறைப்புப் பட்டை கட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் வரும் பஸ்ஸையும் பின்னால் உருளும் சக்கரத்தையும் பார்த்து மிரளாமல் இருக்கவே அந்த ஏற்பாடு. போர்ட்ரெய்ட் படத்தில் கண் தெரிய வேண்டும் என்பதால் பட்டையைக் கழற்றிவிடுவோம். அப்போது எல்லாப் பக்கமும் நடப்பது அதன் கண்ணில் படும். எனவே ஆள் நடமாட்டமும் நாய்களும் இல்லாத இடமாகத் தேர்ந்தெடுங்கள்.

காதுகளையும் கவனியுங்கள். இரண்டு காதுகளும் முன்னோக்கி இருந்தால் குதிரை ஆர்வத்துடன் இருக்கிறது. பக்கவாட்டில் தளர்ந்திருந்தால் ஓய்வாக இருக்கிறது. பின்னோக்கிப் படிந்து கழுத்தோடு ஒட்டிக்கொண்டால் கோபத்தில் இருக்கிறது. உடனே நிறுத்திவிட்டு விலகி நில்லுங்கள்.

கம்ப்யூட்டரில் திட்டம்

கேமராவைத் தொடும் முன் கம்ப்யூட்டரில் அரை மணி நேரம் செலவிடுங்கள். கூகுள் மேப்ஸ் தளத்தைத் திறந்து, படம் எடுக்கப்போகும் இடத்தைத் தேடி, சாட்டிலைட் காட்சிக்கு மாறுங்கள். மேப்பில் மேல் பக்கம் வடக்கு, வலது பக்கம் கிழக்கு. காலை வெயில் வலது பக்கத்திலிருந்து வரும் என்று வைத்துக்கொண்டு, எந்த மரத்தின் நிழல் எங்கே விழும், பின்னணியில் சுவர் வருமா, மின்கம்பம் வருமா என்று பார்த்துவிடலாம். ஊரின் பெயருடன் "சூரிய உதயம்" என்று கூகுளில் தேடினால் அன்றைய நேரம் கிடைக்கும்.

சூரியன் உதித்த முதல் ஒன்றரை மணி நேரம்தான் நமக்கு ஏற்றது. வெளிச்சம் மென்மையாக இருக்கும், சூடும் இருக்காது. வெயில் ஏறினால் ஈத்தொல்லை அதிகமாகி, குதிரை தலையை உதறிக்கொண்டே இருக்கும். தீனி வைக்கும் நேரத்திற்கு முன்பும் வேண்டாம். பசியுள்ள குதிரை நிற்காது. வண்டித் தொழில் செய்பவர் என்றால் தைப்பூசம், பங்குனி உத்திரம் போன்ற கூட்ட நாட்களை விட்டுவிட்டு, அவருக்கு அவசரமில்லாத நாளைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பிறகு நோட்பேடைத் திறந்து இரண்டு பட்டியல்களை டைப் செய்து சேவ் செய்யுங்கள். ஒன்று, எடுக்க வேண்டிய படங்கள். ஏழெட்டு போதும். மற்றொன்று, கொண்டு செல்ல வேண்டியவை: சார்ஜ் செய்த பேட்டரி, காலியான மெமரி கார்டு, பிரஷ், கண்ணோரமும் மூக்கும் துடைக்க ஈரத்துணி, கேரட், சிறிது வெல்லம். கேரட்டை வட்டமாக வெட்டாமல் நீளவாக்கில் வெட்டுங்கள். வட்டத்துண்டு தொண்டையில் அடைத்துக்கொள்ளலாம். எதைக் கொடுத்தாலும் உள்ளங்கையை விரித்து வைத்துக் கொடுக்க வேண்டும்.

உரிமையாளர் கோடு, பூ எதுவும் இல்லாத ஒரே நிறச் சட்டை அணிவது நல்லது. பழுப்புக் குதிரைக்கு இளநீலமோ பச்சையோ எடுப்பாக இருக்கும்.

கேமரா செட்டிங்குகள்

1. பிளாஷை ஆப் செய்யுங்கள். போகஸுக்காக எரியும் சிறிய விளக்கு இருந்தால் அதையும் ஆப் செய்யுங்கள். திடீர் வெளிச்சம் குதிரையை மிரள வைக்கும்.

2. நான்கைந்து மீட்டர் தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள். அருகில் நின்று அகலமான கோணத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் உடல் சிறிதாகவும் தெரியும். ஆப்டிகல் ஜூம் மட்டும் பயன்படுத்துங்கள். டிஜிட்டல் ஜூம் படத்தை வெட்டிப் பெரிதாக்குகிறது, அவ்வளவுதான். மொபைலில் தனி ஜூம் லென்ஸ் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

3. ஷட்டர் வேகம் 1/250 வினாடி அல்லது அதைவிட வேகமாக இருக்கட்டும். ஷட்டர் வேகத்தை மாற்ற முடியாத கேமராவில் ஸ்போர்ட்ஸ் மோடு போதும்.

4. அப்பர்ச்சரை மாற்ற முடிந்தால் எப் 5.6 முதல் எப் 8 வரை வையுங்கள். குதிரையின் முகம் நீளமானது. உரிமையாளரின் கண்ணும் குதிரையின் கண்ணும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்கும்படி நிற்க வைத்தால் இரண்டும் தெளிவாக விழும்.

5. கறுப்புக் குதிரையைக் கேமரா சாம்பல் நிறமாகவும், வெள்ளைக் குதிரையை மங்கலாகவும் காட்டப் பார்க்கும். எக்ஸ்போஷர் காம்பென்சேஷனைக் கறுப்புக்கு மைனஸ் பக்கமும் வெள்ளைக்கு பிளஸ் பக்கமும் சிறிது நகர்த்துங்கள்.

படம் எடுக்கும் வரிசை

முதல் பத்து நிமிடங்கள் படமே எடுக்க வேண்டாம். உரிமையாளர் குதிரைக்குப் பிரஷ் போடட்டும். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நீங்கள் பக்கத்தில் நின்று பேசிக்கொண்டிருங்கள். இடம் குதிரைக்குப் பழகும், நீங்களும் கேமராவும் உரிமையாளருக்குப் பழகிவிடும்.

அடுத்து முழு உருவப் படம். உரிமையாளர் குதிரையின் தோளை ஒட்டி நிற்கட்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். குதிரை துள்ளினால் கை மாட்டிக்கொள்ளும். மடித்துப் பிடிப்பதே பாதுகாப்பு. குதிரையின் நான்கு கால்களும் தனித்தனியாகத் தெரிகின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் ஓர் அடி முன்னால் நடத்தச் சொன்னால் சரியாகிவிடும்.

காதுகள் முன்னோக்கி வர ஓர் உதவியாளர் தேவை. அவர் உங்களுக்குப் பின்னால் நின்று, கொள்ளு போட்ட டப்பாவை லேசாகக் குலுக்கட்டும். சத்தம் கேட்ட பக்கம் குதிரை பார்க்கும். அந்த நொடியில் தொடர்ச்சியாக நான்கைந்து படங்கள் எடுங்கள். இரண்டு மூன்று முறைக்கு மேல் இதைச் செய்தால் குதிரைக்குச் சத்தம் பழகிப்போய்த் திரும்பாது.

பிறகு இடுப்பு வரையிலான படம், பிடரியில் கை வைத்த படம், இருவரும் உங்களை நோக்கி நடந்து வரும் படம் என்று எடுங்கள். "கேமராவைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். "இது வந்த புதுசுல எப்படி இருந்துச்சுங்க?" என்று கேட்டுப்பாருங்கள். பதில் சொல்லும்போது அவர் கை தானாகவே குதிரையின் கழுத்தைத் தடவும். அதுதான் நமக்கு வேண்டிய படம்.

கடைசியில் குளம்பு, கண், கயிறு பிடித்த கை ஆகியவற்றை அருகிலிருந்து எடுங்கள். மொத்தம் அரை மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். குதிரை சலிப்படைவதற்கு முன்பே நிறுத்துவது நல்லது.

கம்ப்யூட்டருக்கு மாற்றுதல்

கார்டு ரீடர் மூலம் மெமரி கார்டை இணைத்து, படங்களை கட் செய்யாமல் காப்பி செய்யுங்கள். போல்டரின் பெயரில் ஆண்டு, மாதம், தேதி என்ற வரிசையைப் பின்பற்றினால் போல்டர்கள் தானாகவே தேதிவாரியாக அடுக்கப்படும். இன்னொரு காப்பியை எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். இரண்டு இடங்களிலும் படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்த பிறகே கார்டை பார்மட் செய்யுங்கள். வயதான குதிரையை இன்னொரு முறை நிற்க வைக்க வாய்ப்புக் கிடைக்காமல் போகலாம்.

படங்களைப் பார்க்க இர்பான்வியூ என்ற சாப்ட்வேர் வீட்டுப் பயன்பாட்டிற்கு இலவசமாகக் கிடைக்கிறது. (பலருக்குப் பழக்கமான பிகாசாவை கூகுள் 2016ல் நிறுத்திவிட்டது.) ஒரு படத்தைத் திறந்து எண்டர் அழுத்தினால் திரை முழுவதும் தெரியும். ஸ்பேஸ் பாரை அழுத்தினால் அடுத்த படம் வரும். காதுகள், கண்கள், உரிமையாளரின் முகம் மூன்றும் நன்றாக உள்ளவற்றை மட்டும் "தேர்வு" என்ற தனி போல்டரில் காப்பி செய்யுங்கள். 100 படங்களில் 10 தேறினால் போதும்.

திருத்தமும் பிரிண்ட்டும்

திருத்தங்களை எப்போதும் காப்பியில்தான் செய்ய வேண்டும். இர்பான்வியூவில் மவுஸால் கட்டம் வரைந்து, கண்ட்ரோல் மற்றும் ஒய் கீகளை அழுத்தினால் படம் கிராப் ஆகும். காது நுனியையும் குளம்பையும் வெட்டிவிடாதீர்கள். குதிரை பார்க்கும் பக்கத்தில் சற்று இடம் விடுங்கள். சேவ் ஆஸ் மூலம் வேறு பெயரில் சேமியுங்கள்.

கயிறு உறுத்தலாகத் தெரிந்தால் ஜிம்ப் என்ற இலவச சாப்ட்வேரில் நீக்கலாம். ஹீல் டூலைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி அருகில் உள்ள சுத்தமான பகுதியில் கிளிக் செய்யுங்கள். பின் கயிற்றின் மேல் சிறிது சிறிதாகத் தேயுங்கள்.

ஆனால் குதிரையின் உடலில் உள்ள எதையும் உரிமையாளரைக் கேட்காமல் நீக்காதீர்கள். வண்டிக் குதிரையின் மார்பில் வார்ப்பட்டை உராய்ந்த தழும்பு இருக்கலாம். நமக்கு அது குறையாகத் தெரியும். அவருக்கோ அது இருவரும் சேர்ந்து உழைத்த ஆண்டுகளின் அடையாளம். நான் கேட்டபோது, "அது இல்லேன்னா என் குதிரை மாதிரியே இருக்காதுங்க" என்றார். அப்படியே விட்டுவிட்டேன்.

நல்ல பிரிண்ட்டுக்கு ஓர் அங்குலத்திற்கு 300 பிக்ஸல் வேண்டும். 4க்கு 6 அங்குலப் படத்திற்கு 1200க்கு 1800 பிக்ஸல் போதும். சுவரில் மாட்டும் 8க்கு 12 அங்குலத்திற்கு 2400க்கு 3600, அதாவது சுமார் 9 மெகாபிக்ஸல். ஸ்டுடியோவுக்குப் பென் டிரைவில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் டாகுமெண்ட்டாக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பினால் படத்தின் அளவு குறைக்கப்படும்.

பிரிண்ட் வந்ததும் பின்பக்கத்தில் குதிரையின் பெயர், உரிமையாளரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை எழுதி வையுங்கள். பைலின் பெயரிலும் இவை இருக்கட்டும். பிற்காலத்தில் பேரக்குழந்தைகள் அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கும்போது, யார், எந்தக் குதிரை என்று கேட்க வேண்டியிருக்காது.