முதலில் விளக்கைப் பார்

அன்புத் தம்பிக்கு,

சாயங்காலம் ஆனால் நெட் போய்ப் போய் வருகிறது, ஆபீஸ் மீட்டிங்கில் பாதிப் பேச்சில் அறுந்துவிடுகிறது, என்ன செய்ய என்று கேட்டிருக்கிறாய். இதுவரை நீ என்ன செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். ரூட்டரை அணைத்துப் போட்டிருப்பாய். மறுபடி போனதும் மறுபடி அணைத்துப் போட்டிருப்பாய். அணைப்பது தப்பில்லைடா. பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் அணைப்பதுதான் தப்பு. எங்கே கோளாறு என்று காட்டிக்கொண்டிருந்த விளக்குகளும் அதோடு அணைந்துவிடுகின்றன.

அடுத்த முறை போனால் முதலில் எழுந்து போய் அந்த விளக்குகளைப் பார். 'பி.ஓ.என்.' என்று போட்டிருப்பது பச்சையாக, சிமிட்டாமல் எரிய வேண்டும். 'எல்.ஓ.எஸ்.' அணைந்திருக்க வேண்டும். அது சிவப்பாகச் சிமிட்டினால், ஃபைபர் வழியாக வரவேண்டிய ஒளி உன் வீட்டுப் பெட்டிக்கு வந்து சேரவில்லை என்று அர்த்தம். பாஸ்வேர்டை மாற்றினாலும் போனை மாற்றினாலும் அது சரியாகாது.

"அப்போ கம்பெனிக்காரர் பாடு" என்று உட்கார்ந்துவிடாதே. உன் வீட்டுக்குள் இருக்கும் ஒயரை யார் பார்ப்பது? அந்த ஒயருக்குள் ஓடுவது ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு கனமுள்ள கண்ணாடி இழை. பீரோவைச் சுவரோடு தள்ளும்போது அது மடங்கி நசுங்கியிருந்தால், மடிப்பிலேயே ஒளி கசிந்துவிடும். வளைத்தே ஆகவேண்டும் என்றால் டம்ளர் வாய் அளவுக்காவது வட்டமாக விடு. பெட்டியில் செருகியிருக்கும் பச்சை முனை தளர்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பார். கழற்றினால் அதன் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்காதே. வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

பல ரூட்டர்களில் பிரௌசரில் 192.168.1.1 என்று அடித்து உள்ளே போனால் 'ஆர்எக்ஸ் பவர்' என்று மைனஸில் ஓர் எண் இருக்கும். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. மைனஸ் 27-ஐ நெருங்கினால் லைன் விளிம்பில் நிற்கிறது. 3 குறைந்தாலே வரும் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு. நெட் நன்றாக இருக்கும்போது ஒருமுறை, தகராறு செய்யும்போது ஒருமுறை குறித்து வை.

விளக்கெல்லாம் ஒழுங்காக எரிந்தும் நெட் அறுகிறதா? அப்போது வைஃபையைச் சந்தேகப்படு. லேப்டாப்பை லான் கேபிளில் ரூட்டரோடு மாட்டி ஒரு சாயங்காலம் வேலை பார். அதில் அறுபடாமல் போனில் மட்டும் அறுந்தால் லைன்மேன் மேல் குற்றமில்லை. பார்க்க நன்றாக இல்லை என்று ரூட்டரை டிவிக்குப் பின்னால் ஒளித்து வைத்திருப்பாய், வெளியே எடு. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். சாயங்காலம் அபார்ட்மென்ட் மொத்தமும் அதில்தான் நெருக்கியடிக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இரைச்சல் போடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் நெரிசல் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டினால் வலு குறையும். அதனால் மீட்டிங் பேசும் அறைக்குப் பக்கத்தில் ரூட்டரை வை.

"ஸ்பீடு டெஸ்ட்டில் 100 காட்டுகிறதே" என்பாய். அது அந்த நிமிஷத்துக் கதை. நடுவில் ஐந்து விநாடி அறுந்ததை அது சொல்லாது. அதனால் பெரிய பிளானுக்கு மாறலாம் என்று காசைக் கொட்டாதே. அறுகிற லைனில் 300 எடுத்தாலும் அறுந்துகொண்டேதான் இருக்கும்.

எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்து மறுபடி எரிந்தால் நெட்டில் கோளாறு தேடாதே, கரண்ட்டில் தேடு. அடாப்டர் பின் தளர்ந்திருக்கலாம். கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் கணத்தில் ரூட்டர் அணைந்து எழலாம். அதற்கென்று சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது.

இன்னொன்று, கண்டிப்பாகச் சொல்கிறேன். ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டையில் ஊசியை விட்டு ரீசெட் அழுத்தாதே. கம்பெனிக்காரர் போட்டுக் கொடுத்த யூசர்நேம், பாஸ்வேர்ட் எல்லாம் அழிந்துவிடும். அவ்வப்போது அறுந்துகொண்டிருந்த நெட், ஆள் வரும்வரை மொத்தமாகப் போய்விடும்.

ஒரு வாரம், அறுந்த நேரத்தையும் அப்போது எரிந்த விளக்கையும் ஒரு தாளில் எழுது. புகார் கொடுக்கும்போது "நெட் சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல் அந்தத் தாளைப் பார்த்துப் பேசு, புகாருக்கான டாக்கெட் எண்ணைக் கேட்டு வாங்கு. தீர்க்காமலே புகாரை மூடினால் விட்டுவிடாதே, கம்பெனியிலேயே மேல்முறையீட்டுக்கு இடம் இருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. அந்த எண் கையில் இருந்தால்தான் அங்கே உன் பேச்சு எடுபடும். இன்றைக்கே எழுத ஆரம்பி.

அன்புடன்,
அண்ணன்