பிழை காட்டும் வழி

வகுப்பில் ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதுகின்றார். 42இலிருந்து 17ஐக் கழித்தல் வேண்டும். சிறுவன் ஒருவன் தன் ஏட்டில் 35 என விடை எழுதிக் காட்டுகின்றான். சரியான விடை 25. ‘பிழை’ என்று கூறி ஆசிரியர் ஏட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். சிறுவனும் தலை கவிழ்ந்து தன் இடம் சேர்வான். கணக்குத் தனக்கு வாராது என்னும் எண்ணம் அன்றே அவன் உள்ளத்தில் வேரூன்றுதலும் கூடும்.

ஆனால், ‘தம்பி, இவ்விடை உனக்கு எப்படி வந்தது?’ என்று ஆசிரியர் கேட்பாராயின், நிகழ்வது வேறு. ‘இரண்டில் ஏழு போகாது, ஐயா. அதனால் ஏழில் இரண்டைக் கழித்தேன், ஐந்து. நான்கில் ஒன்றைக் கழித்தேன். மூன்று’ என்று சிறுவன் விளக்குவான். அவன் எண்ணிப் பாராமல் எழுதியவன் அல்லன். பெரிய எண்ணிலிருந்தே சிறிய எண்ணைக் கழித்தல் வேண்டும் எனத் தானே ஒரு விதி வகுத்துக்கொண்டு, அவ்விதியின்படி ஒழுங்காகக் கணக்கிட்டவன். தவறு அவ்விதியில் உள்ளது. இதனை அறிந்த ஆசிரியர், பத்துப் பத்தாகக் கட்டிய குச்சிகளைக் கொணர்ந்து, ஒரு கட்டினை அவிழ்த்துக் காட்டுவார். நாற்பத்திரண்டு என்பது மூன்று கட்டுகளும் பன்னிரண்டு குச்சிகளுமாக மாறுவதைச் சிறுவன் கண்ணாரக் காண்பான். இப்பொழுது ஏழினைக் கழிக்க வழி பிறக்கின்றது.

பிழையான விடையின் பின்னும் ஓர் எண்ணம் உண்டு. இவ்வுண்மையை ஆராய்வதில் தம் வாழ்நாளைச் செலவிட்ட அறிஞர் ழான் பியாஜே ஆவார். இவர் சுவிட்சர்லாந்து நாட்டில் நூசாத்தெல் என்னும் ஊரில் 1896ஆம் ஆண்டில் பிறந்தார். சிட்டுக்குருவி ஒன்றைப் பற்றிய இவரது சிறு குறிப்பு, இவருக்குப் பத்து வயதானபோதே இதழொன்றில் வெளியாயிற்று. பின்னர் நத்தை இனங்களை ஆராய்ந்து 1918இல் முனைவர் பட்டம் பெற்றார். உயிர்கள் தம் சூழலுக்கேற்ப வளர்வதை நோக்கிப் பழகிய அக்கண்கள், மனிதக் குழந்தையின் அறிவு வளர்வதையும் நோக்கத் தொடங்கின.

அதற்கு வாயிலாக அமைந்தது பாரிசு நகரில் அவர் ஏற்ற ஒரு பணி. பள்ளிப் பிள்ளைகளிடம் வினாக்களைக் கேட்டு, சரியான விடைகளை எண்ணி, அறிவுச் சோதனைகளைச் செப்பம் செய்வதே அப்பணி. பியாஜேயின் மனமோ தவறான விடைகளையே நாடிற்று. ஒத்த வயதுடைய பிள்ளைகள் ஒரே வகையான பிழையைச் செய்வதை அவர் கண்டார். பிள்ளைகளோடு உரையாடி, அவர்கள் அவ்வாறு கூறுவதன் காரணத்தைக் கேட்டறியலானார். 1921இல் செனீவா நகர் சென்ற பின்னும் அவ்வாராய்ச்சி தொடர்ந்தது. தம் மூன்று குழந்தைகளையும் பிறந்த நாள் முதலாகக் கூர்ந்து நோக்கி அவர் குறிப்புகள் எழுதி வைத்தார்.

அவர் செய்த சோதனைகளுள் ஒன்று எவரும் செய்து பார்த்தற்கு எளியது. ஒரே அளவுள்ள இரு குவளைகளில் நீரைச் சமமாக ஊற்றுக. ஐந்து வயதுக் குழந்தை இரண்டும் சமம் என்றே கூறும். அதன் கண்ணெதிரே ஒரு குவளையின் நீரை உயரமான, ஒடுங்கிய மற்றொரு குவளையில் மாற்றுக. பெரும்பாலும் அக்குழந்தை, உயர்ந்த குவளையிலேயே நீர் மிகுதி என்று கூறும். ஒரு துளியும் சேர்க்கப்படவில்லை என்பதை அது கண்டதுதான். எனினும் உயரத்தை நோக்கும் குழந்தை அகலம் குறைந்ததை நோக்குவதில்லை. ஏறத்தாழ ஏழு வயதில் அதே குழந்தை, ‘திரும்ப ஊற்றினால் முன்போலவே இருக்குமே’ என்று சிரித்துக்கொண்டே விடை தரும்.

அறிவு என்பது ஒருவர் மற்றொருவர் மனத்தில் ஊற்றி நிரப்பும் பொருள் அன்று. குழந்தை பொருள்களைக் கையாண்டும், எண்ணியும், தவறியும் தானே கட்டி எழுப்பிக்கொள்வது அது என்பது பியாஜேயின் முடிவு. குழந்தையின் சிந்தனை நான்கு நிலைகளைக் கடந்து வளர்கின்றது என்றும் அவர் கூறினார். எண்ணும் எழுத்தும் கற்கப் புகும் சிறுவனுக்குக் கையில் எடுத்துப் பார்க்கும் புளியங்கொட்டையும் குச்சியும் வேண்டும். கண்ணுக்குப் புலனாகாத கருத்துகளைக் கொண்டு வாதிடும் ஆற்றல் பதினொரு வயதை ஒட்டியே அரும்புகின்றது என்பது அவர் கருத்து.

அங்ஙனமாயின், குழந்தை தானாக வளரும்வரை ஆசிரியர் வாளா காத்திருத்தல் வேண்டுமோ? வேண்டா என்றார் உருசிய அறிஞர் லெவ் வைகாட்ஸ்கி. இவரும் 1896ஆம் ஆண்டிலேயே பிறந்தவர். காசநோயால் 1934இல் தம் 37ஆம் வயதில் மறைந்தார். அவ்வாண்டில் வெளியான தம் நூலில் அவர் ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றார். இரு பிள்ளைகள் தனித்து எட்டு வயதினர்க்குரிய வினாக்களுக்கே விடை காண்கின்றனர். சிறிது துணை செய்தால், ஒருவன் ஒன்பது வயதினர்க்குரியவற்றையும் மற்றொருவன் பன்னிரண்டு வயதினர்க்குரியவற்றையும் செய்து முடிக்கின்றான். இவ்விருவரும் ஒரே நிலையினர் எனல் பொருந்துமோ? தானே செய்ய வல்லதற்கும், துணையோடு செய்ய வல்லதற்கும் இடையே உள்ள வெளியே ஆசிரியர் தொழிற்படும் களம் ஆகும். நடைவண்டி குழந்தைக்காக நடப்பதில்லை. அது நடக்கக் கற்கும் வரை தாங்கி நிற்கின்றது. ஆசிரியரின் துணையும் அத்தகையதே.

பியாஜேயின் கூற்று அனைத்தும் மாறாமல் நிலைத்துவிடவில்லை. 1970களில் இசுகாட்லாந்தில் மார்கரெட் டொனால்டுசன் என்னும் அம்மையாரும் அவருடன் பணியாற்றியவரும் வேறொரு சோதனை செய்தனர். சம எண்ணிக்கையுள்ள இரு வரிசை வில்லைகளுள் ஒன்றை ஆய்வாளரே நீட்டி வைத்தால், நீண்ட வரிசையில் மிகுதி எனப் பல குழந்தைகள் கூறின. குறும்புக் கரடிப் பொம்மை ஒன்று வந்து கலைத்ததாகக் காட்டியபோதோ, முன்னினும் மிகுதியான குழந்தைகள் சமம் எனச் சரியாகக் கூறின. பெரியவர் ஒருவர் மாற்றி வைத்து மீண்டும் அதே வினாவைக் கேட்டால், வேறு விடையை எதிர்பார்க்கின்றார் எனக் குழந்தை கருதுதல் இயல்பன்றோ? குழந்தை தவறும்போது, வினாவும் தவறியிருக்கக் கூடும் என்பதே இதனால் பெறப்படும் பாடம்.

இவ்வறிஞர்கள் ஒருவரோடொருவர் மாறுபட்டனர் எனினும், ஒன்றில் ஒத்தனர். பிள்ளையின் சொல்லை அவர்கள் செவி கொடுத்துக் கேட்டனர். 35 என எழுதிய சிறுவனுக்கும் வேண்டுவது அதுவே. ‘பிழை’ என்னும் ஒரு சொல் அவன் வாயை அடைத்துவிடும், ‘எப்படி?’ என்னும் ஒரு சொல் அவன் அறிவைத் திறந்துவிடும். இவ்விரண்டனுள் எதனைச் சொல்வது என்பதிலேயே ஆசிரியப் பணியின் மாண்பு அடங்கியுள்ளது.