மென்பந்துதானே என்று இருந்துவிடலாமா?

பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பழக்குவோருக்கு ஒரு பாடம்



பெரகல சந்தியிலிருந்து அப்புத்தளைப் பக்கம் ஏறினாலும் சரி, ஹல்துமுல்லைப் பக்கம் இறங்கினாலும் சரி, ஞாயிற்றுக்கிழமை பின்னேரத்தில் தோட்டத்துப் பிள்ளைகளின் கையில் ஒரு டெனிஸ் பந்து இருக்கும். மைதானம் இல்லாத டிவிசனில் லயத்து வாசலே மைதானம். சித்திரைப் புத்தாண்டு வந்துவிட்டால் மென்பந்து கிரிக்கெட், எல்லே என்று போட்டிகளும் களைகட்டிவிடும்.

இந்தப் பிள்ளைகளைப் பழக்குகிறவர் பெரும்பாலும் சான்றிதழ் பெற்ற பயிற்றுநர் அல்ல. கழகத்தில் நன்றாக ஆடுகிற ஒரு அண்ணன், ஒரு அக்கா, அல்லது நேரம் ஒதுக்குகிற ஒரு ஆசிரியர். அவர்களுக்காகவே இந்தப் பாடம்.

இதில் சொல்ல வருவது முக்கியமாக ஒன்றுதான். அடிபட்ட பிள்ளையைத் தொடர்ந்து ஆடவிடுவதா, வெளியே எடுப்பதா என்பதைப் பழக்குகிறவர் முடிவு செய்யவேண்டும். பிள்ளையைக் கேட்டு முடிவு செய்யக்கூடாது. கரையில் நின்று கத்துகிறவர்களைக் கேட்டும் முடிவு செய்யக்கூடாது. மற்ற விசயங்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான்.

1. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்

மென்பந்து என்ற பெயரில் அமெரிக்காவில் ஒரு தனி விளையாட்டே இருக்கிறது. சொப்ட்போல் என்பார்கள். 1887இல் சிக்காகோ நகரில் ஒரு கட்டிடத்துக்குள்ளே, குத்துச்சண்டைக் கையுறையைப் பந்துபோலக் கட்டி, ஒரு கம்பால் அடித்து விளையாடியதில் தொடங்கியது அது. அன்றைக்குப் பந்து உண்மையிலேயே மென்மையாக இருந்தது. இன்று அந்த விளையாட்டின் பந்து சுற்றளவில் 12 அங்குலம், நிறையில் ஏறத்தாழ 180 கிராம். கிரிக்கெட் கடினபந்தே 156 முதல் 163 கிராம்தான். பெயர் மட்டும் மென்பந்து என்று நின்றுவிட்டது. அங்கே அடிக்கிறவருக்கும் ஹெல்மட், பின்னால் நின்று பந்து பிடிக்கிறவருக்கு முகமூடி.

நம் பிள்ளைகள் பாவிக்கும் டெனிஸ் பந்து 56 முதல் 59 கிராம்தான். அதனால் தலையில் பெரிய அடி விழுவது குறைவு. ஆனால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து வரலாம். பந்து மென்மையாக இருந்தாலும் துடுப்பு மரம், எல்லே கம்பு மூங்கில், மைதானத்தைச் சுற்றிக் கல்லும் கானும். மோதிக்கொள்கிற இரண்டு பிள்ளைகளின் தலையும் மென்மையானவை அல்ல. மென்பந்து விளையாட்டில் பலத்த அடி பெரும்பாலும் இவற்றால்தான் வருகிறது.

இன்னொன்று. டெனிஸ் பந்தில் ஆடிப் பழகிய பிள்ளையிடம் திடீரென்று கடினபந்தைக் கொடுக்காதீர்கள். ஹெல்மட், காலுறை, கையுறை, இடுப்புக்காப்பு இல்லாமல் கடினபந்து வேண்டவே வேண்டாம். 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு 133 முதல் 144 கிராம் நிறையுள்ள சிறிய பந்து என்று கிரிக்கெட் விதியிலேயே இருக்கிறது.

2. விதி என்பது வேலி

விதியை எதிரணியை மடக்குகிற சட்டமாகவே பலர் பார்க்கிறார்கள். பல விதிகள் உடம்பைக் காப்பாற்றவே வந்தவை.

கிரிக்கெட்டில், தரையில் படாமல் துடுப்பாட்டக்காரரின் இடுப்புக்கு மேலே வரும் பந்து நோபோல். காரணம், அப்படி வரும் பந்திலிருந்து விலக நேரம் கிடைக்காது. மென்பந்துப் போட்டியில் நடுவராக நிற்கிறவர் இதை விட்டுக்கொடுக்கவே கூடாது. முதல் தடவையே பந்து வீசுகிற பிள்ளையைக் கூப்பிட்டு எச்சரிக்கணும்.

எல்லே நம் நாட்டுக்கே உரிய விளையாட்டு, பாடசாலைப் போட்டிகளிலும் உண்டு. அடிக்கிறவருக்கு மூன்று வாய்ப்பு. அடித்ததும் தரிப்பிடங்களைக் கடந்து ஓடவேண்டும். தரிப்பிடத்தை அடையுமுன் எதிரணி எறிந்த பந்து உடம்பில் பட்டால் ஆட்டமிழப்பு. ஓடுகிற பிள்ளையைக் குறிபார்த்து எறிவது இங்கே ஆட்டத்திலேயே இருக்கிறது. ஆகவே பழக்கும்போது இந்த மூன்றையும் கட்டாயமாக்குங்கள்:

அ) எறிவது தோளுக்குக் கீழே. தலைக்கு எறிகிற பிள்ளையை அன்றைக்கு உட்கார வையுங்கள்.

ஆ) அடித்த பிறகு கம்பைக் கீழே விட்டுவிட்டு ஓடவேண்டும், வீசக்கூடாது. கம்பு ஈரமாக இருந்தால் துடைத்துக் கொடுங்கள். பிடியில் துணியோ ரப்பரோ சுற்றியிருக்கட்டும்.

இ) அடுத்து அடிக்க இருக்கும் பிள்ளைகள் கம்பு எட்டாத தூரத்தில், சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே நிற்கட்டும். கம்பைச் சுழற்றிப் பார்ப்பது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே.

சொப்ட்போலிலிருந்து நாமும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. ஓடுகிறவர் முதலில் போய்ச் சேருகிற தரிப்பிடத்தில் வெள்ளை, செம்மஞ்சள் என்று இரண்டு தட்டுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைப்பார்கள். பந்து பிடிக்கிறவர் வெள்ளையில் கால் வைக்கணும், ஓடி வருகிறவர் செம்மஞ்சளில் கால் வைக்கணும். இரண்டு பேரும் ஒரே இடத்துக்குப் பாய்ந்து மோதிக்கொள்ளாமல் இருக்கவே இந்த ஏற்பாடு. பயிற்சியின்போது சுண்ணாம்பால் இரண்டு கட்டம் போட்டு நாமும் இதைப் பழக்கலாம். செலவு ஒரு சதமும் இல்லை.

3. ஆட்டத்துக்கு முன் ஒரு சுற்று நடந்து பாருங்கள்

நம் மைதானங்கள் மலையை வெட்டி எடுத்தவை. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். பிள்ளைகள் வருமுன் பழக்குகிறவர் ஒரு தடவை சுற்றி நடந்து வரணும்.

கானும் கவ்வாத்தும்: கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் நுனிகள் ஈட்டி மாதிரி நிற்கும். பந்தை மட்டும் பார்த்து ஓடுகிற பிள்ளை அதன்மேல் விழுந்தால் கண்ணும் வயிறும் தப்பாது. மலைக்குப் போய் வருகிற பெற்றோருக்கு இது சொல்லித் தெரியவேண்டியதில்லை. எல்லைக் கோட்டை மலை ஓரத்திலிருந்தும் கானிலிருந்தும் சில அடிகள் உள்ளே போடுங்கள். கோட்டைத் தாண்டிய பந்துக்கு ஓடவேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

குளவி: சுற்றியுள்ள மரங்களில் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கு அங்கே ஆட்டம் இல்லை. கல்லெறிந்து கலைக்க நினைக்காதீர்கள். பெரிய மைதானங்களிலும் இது நடக்கிறதுதான். 2017 பெப்ரவரி 4ஆம் திகதி ஜொகன்னஸ்பேர்க்கில் இலங்கை - தென்னாபிரிக்க ஒருநாள் ஆட்டம் தேனீக்களால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றது. 2019 ஜூன் 28ஆம் திகதி இங்கிலாந்தில் நடந்த உலகக் கிண்ண ஆட்டத்திலும் அதே இரு அணிகளின் வீரர்கள் தேனீக்களுக்குப் பயந்து தரையில் படுத்துக்கொண்டார்கள். உலகக் கிண்ண ஆட்டத்தையே நிறுத்தலாம் என்றால், நம் டிவிசன் ஆட்டத்தை நிறுத்துவதில் வெட்கம் என்ன? கொட்டுப்பட்ட பிள்ளைக்கு முகம், நாக்கு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, மயக்கம் வந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

மின்னல்: மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேர இடி மழை நமக்குத் தெரிந்ததே. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். 30 எண்ணுமுன் இடி கேட்டால் உடனே எல்லோரும் கட்டிடத்துக்குள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பிறகுதான் மறுபடி மைதானம். நிழல் மரத்தின் கீழே ஒதுங்குவது மிகவும் ஆபத்து.

பனிமூட்டம்: பெரகல, அப்புத்தளைப் பக்கம் பின்னேரம் மூட்டம் இறங்கினால் எதிரில் நிற்கிற ஆள் தெரியாது. பந்து எப்படித் தெரியும்? பந்து வீசும் இடத்திலிருந்து எல்லைக் கோடு தெரியவில்லை என்றால் ஆட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

4. தலையில் அடிபட்டால்

இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள்.

1998 பெப்ரவரி 20ஆம் திகதி டாக்காவில் நடந்த ஒரு கழக ஆட்டத்தில் இந்திய வீரர் ராமன் லம்பா துடுப்பாட்டக்காரருக்கு மிக அருகில் களத்தடுப்பில் நின்றார். ஹெல்மட் வேண்டுமா என்று கேட்டார்கள். ஓவரில் மூன்று பந்துதானே பாக்கி என்று அவர் போடவில்லை. பந்து தலையில் பட்டது. தாமே எழுந்து நடந்து வெளியே போனார். அதன் பிறகுதான் நினைவிழந்தார். 23ஆம் திகதி காலமானார். எழுந்து நடக்கிறார் என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்கக்கூடாது.

2014 நவம்பர் 25ஆம் திகதி சிட்னியில் அவுஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் ஹெல்மட் போட்டிருந்தும், அது மறைக்காத கழுத்துப் பகுதியில் பந்து பட்டு, இரண்டு நாளில் உயிரிழந்தார். காப்பு உபகரணம் அவசியம், ஆனால் அது இருக்கிறது என்று கவனத்தை விடக்கூடாது. இதற்குப் பின் உலகமே விழித்துக்கொண்டது. 2019 ஓகஸ்ட் 1 முதல், தலையில் அடிபட்டு மூளை அதிர்வு ஏற்பட்ட வீரருக்குப் பதில் இன்னொருவரை முழுமையாக ஆடவிடும் விதியைச் சர்வதேச கிரிக்கெட் சபை கொண்டுவந்தது.

இப்போது நம் நாட்டு வீரர்கள் இருவரின் கதை. 2019 பெப்ரவரி 2ஆம் திகதி அவுஸ்திரேலியாவின் கன்பராவில் திமுத் கருணாரத்னவின் கழுத்துப் பக்கம் வேகப்பந்து பட்டு, அவரைத் தூக்குப் படுக்கையில் கொண்டுபோனார்கள். மறுநாள் குசல் பெரேராவின் ஹெல்மட்டில் பந்து பட்டது. அவர் முதலில் தொடர்ந்து ஆடினார். கொஞ்ச நேரத்தில் முடியாமல் வெளியேறினார். இரண்டு பேரையும் வைத்தியர்கள் பார்த்தார்கள். அதே மாதம் 16ஆம் திகதி டேர்பனில் தென்னாபிரிக்காவுக்கு எதிராக அதே குசல் பெரேரா ஆட்டமிழக்காமல் 153 ஓட்டங்கள் எடுத்து, ஒரு விக்கெட்டால் இலங்கையை வெல்ல வைத்தார். அணித் தலைவர் யார்? அதே திமுத் கருணாரத்ன.

"வெளியே எடுத்தா பையன் மனசு உடைஞ்சு போகும்" என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். உரிய நேரத்தில் வெளியே வந்தவர்தான் திரும்பப் போய் ஆடினார்.

அடிபட்ட பிள்ளையிடம் கேட்டால் என்ன சொல்லும்? "ஒண்ணும் இல்லண்ணே, ஆடுறேன்" என்றுதான் சொல்லும். அணியிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்ற பயம் அதற்கு. எனவே வாயைக் கேட்காமல் இவற்றைப் பாருங்கள்:

- தலைவலி, தலைசுற்று, வாந்தி வருகிற உணர்வு
- தள்ளாட்டம், வெறித்த பார்வை, இரண்டாகத் தெரிவது
- கேட்டதையே திரும்பக் கேட்பது, எந்த இடத்தில் இருக்கிறோம், எத்தனை ஓட்டம் என்று தெரியாமல் தடுமாறுவது
- வழக்கமில்லாத எரிச்சல், அழுகை, தூக்கக் கலக்கம்

இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது என்றாலும் அன்றைக்குத் திரும்ப இறக்கக்கூடாது. மூளை ஆறுமுன் இன்னொரு அடி விழுந்தால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்தாகலாம். தனியாக லயத்துக்கு அனுப்பாதீர்கள். தாய் தகப்பனிடம் நேரில் சொல்லி ஒப்படையுங்கள். வைத்தியரிடம் காட்டச் சொல்லுங்கள். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு. அதன்பின் நடை, மெல்லோட்டம், பயிற்சி என்று படிப்படியாக, வைத்தியர் சரி என்ற பிறகே போட்டி.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, எழுப்பினால் எழும்பாத தூக்கம், வலிப்பு, கை கால் பலமிழத்தல், காது மூக்கிலிருந்து இரத்தமோ தெளிந்த நீரோ வருதல் - இவை கண்டால் உடனடியாக ஆஸ்பத்திரி. கழுத்து வலிக்கிறது, கை கால் மரத்திருக்கிறது என்றால் பிள்ளையைத் தூக்கவோ உட்கார வைக்கவோ வேண்டாம். படுத்தபடியே தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு அம்புலன்சுக்குச் சொல்லுங்கள்.

5. மற்ற காயங்கள்

சுளுக்கு: குளிர்ந்த துணி அல்லது துணியில் சுற்றிய ஐஸ் வைத்து, காலை உயர்த்தி வையுங்கள். அன்றைக்கே எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். காலை ஊன்ற முடியவில்லை, வளைந்து தெரிகிறது என்றால் எலும்பு முறிவாக இருக்கலாம். அசையாமல் கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

பல்: நிரந்தரப் பல் விழுந்தால் வேரைத் தொடாமல் மேல் பக்கத்தைப் பிடித்து எடுத்து, ஒரு கோப்பைப் பாலில் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் வைத்தியரிடம் போனால் திரும்ப வைக்க வாய்ப்புண்டு.

கண்: பந்து பட்ட கண்ணைக் கசக்கவோ அழுத்தவோ கூடாது. பார்வை மங்கினால், கண்ணில் இரத்தம் தெரிந்தால் உடனே வைத்தியரிடம் காட்டணும்.

6. முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை

ஒவ்வொரு கழகமும் ஒரு கொப்பியில் பிள்ளைகளின் பெயர், பெற்றோரின் தொலைபேசி இலக்கம், இழுப்பு, வலிப்பு போன்ற வருத்தங்கள் ஆகியவற்றை எழுதி மைதானத்துக்குக் கொண்டுவரணும். முதலுதவிப் பெட்டி, குடிதண்ணீர், வாகனம் வைத்திருப்பவரின் இலக்கம் தயாராக இருக்கட்டும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் தோட்டப் பாதை எல்லாச் சாரதிக்கும் தெரியாது. ஆகவே ஒருவரைப் பிரதான வீதிச் சந்தியில் நிறுத்தி வழிகாட்டுங்கள். தொலைபேசிக்கு சிக்னல் எங்கே கிடைக்கும் என்பதையும் முதலிலேயே பார்த்து வையுங்கள்.

கழகக் கூட்டத்தில் பேசிப் பார்க்க

1. நமது மைதானத்தில் ஆபத்தான மூன்று இடங்கள் எவை? யார், எப்போது சரிசெய்வது?
2. இறுதிப் போட்டி. வெல்ல ஆறு ஓட்டம் வேண்டும். தலையில் அடிபட்ட நமது சிறந்த ஆட்டக்காரப் பிள்ளை ஆடுகிறேன் என்கிறது. தகப்பனும் "ஆடட்டும் தம்பி" என்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?
3. பிள்ளை அடிபட்டதை மறைக்காமல் சொல்ல வேண்டுமானால் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

இரண்டாவது கேள்விக்கான பதிலைப் போட்டி நாளில் யோசிக்க நேரம் இருக்காது. இன்றைக்கே கழகமாகக் கூடி முடிவெடுத்து, பெற்றோர்களுக்கும் சொல்லிவிடுங்கள். கிண்ணம் இந்த வருசம் இல்லாவிட்டால் அடுத்த வருசம் கிடைக்கும்.