“கேஸ் போச்சு” என்று முடிவு கட்டாதே, தங்கச்சி!

பழைய பிரிட்ஜ் சரியாகக் குளிரவில்லை என்றால் நம்ம ஊரில் முதலில் வருகிற தீர்ப்பு “கேஸ் போச்சு” என்பதுதான். தங்கச்சி, அதை உடனே நம்பிவிடாதே. பிரிட்ஜில் இருக்கிற கேஸ், அடுப்புக் கேஸ் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதுவேதான் திரும்பத் திரும்பச் சுற்றி வருகிறது. குழாயில் எங்கேயாவது ஓட்டை விழுந்தால்தான் குறையும். அதனால் வருஷா வருஷம் கேஸ் அடிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதே. கேஸைக் கடைசிச் சந்தேகமாக வைத்துக்கொள். அதற்கு முன் நீயே பார்க்கக்கூடியதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. அளந்து பார்

கையை உள்ளே விட்டு “குளிர் பத்தாது” என்று சொல்வது கணக்கில்லை. ஒரு கிளாஸ் தண்ணீரை நடுத்தட்டில் இரவு முழுக்க வை. காலையில் கதவைத் திறந்ததும் சமையல் தெர்மாமீட்டரை அதில் விடு. 4 பாகை செல்சியசோ அதற்குக் கொஞ்சம் கீழேயோ காட்டினால் பெட்டியில் குறை இல்லை. ஐஸ் அறைக்கு மைனஸ் 18 பாகை. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் இதற்கு உதவாது.

குளிர் கூட்டுகிற குமிழையும் பார். சட்டி பானை பட்டோ, பிள்ளைகள் கை பட்டோ அது திரும்பியிருக்கும். பெரும்பாலான பெட்டிகளில் எண் கூடினால் குளிர் கூடும்.

2. கரண்டைப் பார்

வீட்டுக்கு வரவேண்டிய மின்சாரம் 230 வோல்ட். லயத்தில் பல காம்பராவுக்கு ஒரே பழைய லைன் போகிற இடங்களில், அந்தி நேரம் எல்லா வீட்டிலும் ரைஸ் குக்கரும் அயர்னும் ஓடும்போது வோல்டேஜ் விழும். லைட் மங்குகிற அதே நேரம் பிரிட்ஜ் ஸ்டார்ட் எடுக்க முடியாமல் உறுமினால், நடுச்சாமத்தில் அது எப்படி ஓடுகிறது என்று கவனி. அப்போது நன்றாக ஓடினால் குறை பெட்டியில் இல்லை, லைனில். தோட்ட ஆபீசிலோ மின்சார ஆபீசிலோ சொல்ல வேண்டிய விஷயம் அது.

பிளக்கைத் தொட்டுப் பார். சூடாக இருந்தால் உள்ளே லூஸ். உருண்டைக் கால் பொயிண்டில் அடாப்டரைச் செருகி, அதிலே பிரிட்ஜோடு இன்னும் இரண்டு சாமானை மாட்டி வைக்காதே. பிரிட்ஜுக்குத் தனி பொயிண்ட் வேண்டும், எர்த் கட்டாயம் வேண்டும். கதவைத் தொட்டால் ஷாக் அடிக்கிறதா? பிளக்கைக் கழற்றிவிட்டு வயரிங்காரரைக் கூப்பிடு. அதுவரை போடாதே.

சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் இங்கே அந்திக்கு இடி மின்னல் பலமாக இருக்கும். வானம் இருட்டுகிறபோதே பிளக்கைக் கழற்று. கரண்ட் போய் வந்தால் 5 நிமிஷம் கழித்துப் போடு. நின்ற உடனே மறுபடி ஓடச் சொன்னால் கொம்ப்ரஸருக்குக் கேடு. 2022இல் இலங்கை முழுக்க மணிக்கணக்கில் கரண்ட் வெட்டிய நாட்களில் வீட்டுச் சாமான் பலருக்கும் பழுதானதை மறந்திருக்க மாட்டாய். தாமதம் கொடுக்கிற ‘பிரிட்ஜ் கார்ட்’ ஒன்றை வாங்கிப் போட்டால் அந்தக் கவலை குறையும்.

3. கதவு ரப்பரைப் பார்

பால் வெட்டுகிற ஊரில் ரப்பரைப் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இது மரத்து ரப்பர் இல்லை. உள்ளே காந்தப் பட்டை வைத்த பிளாஸ்டிக். காசுத்தாள் ஒன்றைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார். இறுக்கமாக வந்தால் நல்லது. வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தால் காற்று போகிறது. சுற்றிலும் இதே மாதிரி சோதி.

சவர்க்காரத் தண்ணீரில் துணியை நனைத்து மடிப்புகளைத் துடை. பாதிக் குறை அழுக்கால்தான் வரும். நெளிந்திருந்தால் சுடுதண்ணீரில் நனைத்த துணியை ஒற்றி, கையால் இழுத்து நேராக்கு. கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். பெட்டியின் மொடல் எண்ணை எழுதிக்கொண்டு அவிசாவளையிலோ கேகாலையிலோ விசாரி.

4. முதுகுப் பக்கம் பார்

பெட்டிக்குள் இருந்து இழுத்த சூட்டை வெளியே விடுவது பின்னால் இருக்கிற கறுப்புக் கம்பி வலை. அதில் தூசியும் அடுப்புப் புகையின் கரியும் படிந்தால் சூடு போகாது, உள்ளே குளிராது. பிளக்கைக் கழற்றி, காய்ந்த பிரஷால் மெதுவாகத் தட்டு. சுவருக்கும் வலைக்கும் நடுவில் நாலு அங்குலமாவது இடம் விடு. ரப்பர் விறகு எரிகிற அடுப்புப் பக்கம் பிரிட்ஜை வைக்காதே. மழைச்சாரல் அடிக்கிற இஸ்தோப்பிலும் வேண்டாம், வலை துருப்பிடித்தால் ஓட்டை அங்கேதான் விழும். சில பெட்டிகளுக்குப் பின்னால் வலை இருக்காது. அதன் பக்கச் சுவர் சூடாக இருப்பது இயல்பு, பயப்படாதே.

5. மேலே ஐஸ், கீழே சூடா?

இதுதான் அதிகம் வருகிற வியாதி. ஒற்றைக் கதவுப் பெட்டி என்றால் ஐஸ் அறையைச் சுற்றிப் பனி கட்டிக்கொண்டிருக்கும். கால் அங்குலம் தாண்டினாலே கரைத்துவிடு. குமிழுக்கு நடுவில் இருக்கிற பட்டனை அமுக்கு, அல்லது பிளக்கைக் கழற்றிக் கதவைத் திறந்து வை. கத்தியாலும் கரண்டியாலும் மட்டும் குத்தாதே. ஐஸ் அறையின் தகடு மெல்லிய அலுமினியம். ஒரு குத்தில் ஓட்டை விழுந்து, இல்லாத கேஸ் வியாதியை நாமே உண்டாக்கிவிடுவோம்.

இரட்டைக் கதவு, பனி கட்டாத பெட்டி என்றால் மேல் அறையில் ஒரு ஃபேன் இருக்கிறது. குளிர்காற்றைக் கீழே அனுப்புவது அதுதான். காற்று வருகிற துளைகளை மீன் பையும் இறைச்சிப் பையும் அடைத்திருக்கிறதா பார். இல்லையென்றால் பிளக்கைக் கழற்றி, கதவு இரண்டையும் திறந்து, ஒரு நாள் முழுக்க விடு. கீழே பழைய துணி போட்டு வை. மறுபடி போட்டதும் நன்றாகக் குளிர்ந்து, ஒன்றிரண்டு கிழமையில் அதே குறை திரும்பினால், பனியைத் தானாகக் கரைக்கிற ஹீட்டர், டைமர், சென்சர் என்பவற்றில் ஒன்று பழுது. கேஸ் இல்லை. இதை அப்படியே பிரிட்ஜ் திருத்துகிற பாஸிடம் சொல்.

6. சத்தத்தைக் கேள்

கொம்ப்ரஸர் ‘ம்ம்ம்’ என்று உறுமி, ‘டிக்’ என்று நின்று, சில நிமிஷம் கழித்து மறுபடி அதையே செய்தால், வோல்டேஜ் சரியாக இருக்கும் பட்சத்தில் ரிலேயையும் ஓவர்லோடையும் சந்தேகப்படு. கொம்ப்ரஸர் விலையோடு பார்த்தால் இவை சின்னச் சாமான்கள். சத்தமே இல்லை, உள்ளே லைட் மட்டும் எரிகிறது என்றால் தெர்மோஸ்டாட்டாக இருக்கலாம். கொம்ப்ரஸர் மாற்ற வேண்டும் என்று சொல்கிறவரிடம் இந்த மூன்றையும் முதலில் சோதிக்கச் சொல். நீயே கழற்றாதே. பிளக்கைக் கழற்றின பிறகும் கெப்பாசிட்டரில் கரண்ட் நிற்கும்.

7. கேஸ் என்று எப்போது நம்பலாம்?

கொம்ப்ரஸர் நிற்காமல் ஓடும், கை வைக்க முடியாமல் சுடும். பின் வலையோ வெதுவெதுப்பாகக்கூட இருக்காது. ஐஸ் அறையில் ஒரு மூலையில் மட்டும் பனி படியும். குழாய் மூட்டில் எண்ணெய்க் கறை தெரியும். இவையெல்லாம் சேர்ந்தால் கேஸ் கசிவுதான்.

அப்போது பாஸிடம் நாலு கேள்வி கேள். ஓட்டை எங்கே? அதை அடைத்தீர்களா? ஃபில்டரை மாற்றினீர்களா? கேஸ் விடும் முன் வெக்யூம் பம்ப் போட்டீர்களா? ஓட்டையை அடைக்காமல் அடித்த கேஸ் அதே வழியால் போய்விடும்.

எந்தக் கேஸ் என்பதும் முக்கியம். பெட்டியின் லேபிளைப் பார். மிகப் பழையதில் ஆர் 12 இருக்கும். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் 1987 மொன்றியல் உடன்படிக்கை அதைக் கட்டுப்படுத்தியது. இலங்கை 1989இல் அதில் சேர்ந்தது. பிறகு வந்தது ஆர் 134ஏ, இப்போது அதிகம் ஆர் 600ஏ. கடைசியில் சொன்னது தீப்பிடிக்கும் கேஸ். லேபிளில் அந்தப் பெயர் இருந்தால், அடுப்போ விளக்கோ எரிகிற இடத்தில் வேலை செய்ய விடாதே, கதவு ஜன்னலைத் திறந்து வை. லேபிளில் இருப்பதை விட்டு வேறு கேஸ் அடிக்கவும் விடாதே.

8. பழுதான நாட்களில்

கரண்ட் இல்லாதபோது கதவைத் திறக்காதே. கீழ் அறை சுமார் 4 மணித்தியாலம் தாங்கும். நிரம்பிய ஐஸ் அறை 2 நாள் வரை தாங்கும். குளிர் விட்டுப்போன மீன், இறைச்சி, பாலை மணந்து பார்த்து முடிவெடுக்காதே. கெட்டது எல்லாம் மணக்காது. திறக்காத இன்சுலின் இருந்தால் அது 2 முதல் 8 பாகையில் இருக்க வேண்டும். பக்கத்துக் காம்பரா பிரிட்ஜில் வைக்கச் சொல், ஆனால் ஐஸ் அறையில் வைக்கக் கூடாது. உறைந்த இன்சுலினைப் போடவே கூடாது.

வெள்ளத்தண்ணி புகுந்த பெட்டியைக் காயவைத்துவிட்டு நீயே பிளக்கில் போடாதே. பாஸ் பார்த்த பிறகுதான். படியேற்றிக் கொண்டுவரும்போது படுக்கவைத்திருந்தால் சில மணித்தியாலம் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போடு.

கடைசியாக ஒன்று. ரிலே, தெர்மோஸ்டாட், கதவு ரப்பர், ஃபேன் என்றால் யோசிக்காமல் செய். சுவருக்குள் புதைந்த குழாயில் கசிவு என்றாலோ, செலவு புதுப் பெட்டி விலையில் பாதியைத் தாண்டினாலோ அந்தப் பெட்டியில் காசைக் கொட்டாதே. சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு, தங்கச்சி. பாஸ் பெட்டியைத் திறக்கும் முன் என்ன குறை என்று நீ சொல், பிறகு விலை பேசு.