செப்புக் காசின் சாட்சி

கடலூருக்கும் பண்ருட்டிக்கும் இடையில் உள்ள நெல்லிக்குப்பம், சர்க்கரை ஆலையால் பெயர்பெற்ற ஊர். அதன் வடபால் ஓடும் தென்பெண்ணையாறு, மேற்கே திருக்கோவலூரைத் தழுவி வருவது. சங்ககாலத்தில் அவ்வூரிலிருந்து ஆண்ட மலையமான்கள் செப்புக் காசுகளை வெளியிட்டனர். அவற்றின் ஒருபுறம் குதிரை நிற்கிறது. மறுபுறம் வளைந்தோடும் ஆறும் குன்றும் கோட்டுருவாகக் காணப்படுகின்றன. விரல்நுனி அளவேயான செம்பில் ஒரு நாட்டின் நிலத்தோற்றமே பொறிக்கப்பட்டுள்ளது.

பொற்காசு கருவூலத்திலும் பெருவணிகரின் பேழையிலும் உறங்கியது. செப்புக் காசோ உப்புக்கும் எண்ணெய்க்கும் கைமாறித் தேய்ந்தது. எளிய மக்களின் வாழ்வை அறிய விரும்புவோர் தேடவேண்டியது இத்தேய்ந்த காசையே.

சொல்லில் வாழும் காசுகள்

முதலாம் இராசராசன் பெயர் பொறித்த செப்புக் காசுகள் தமிழகத்திலும் ஈழத்திலும் ஏராளமாகக் கிடைக்கின்றன. பின்வந்த ஈழத்து மன்னர்களும் அவ்வடிவத்தைப் பின்பற்றினர். 'காசு' என்னும் தமிழ்ச்சொல் போர்த்துகீசியர் வாய்வழிச் சென்று ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆயிற்று. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் வணிகம் செய்த டச்சுக்காரரின் 'டொய்ட்' என்னும் சிறுகாசு, நம் பேச்சில் 'துட்டு' ஆகி நிலைத்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 12 தம்பிடி. இரண்டாம் உலகப்போரின் உலோகத் தட்டுப்பாட்டால் 1943இல் நடுவில் துளையிட்ட காலணா வந்தது. மக்கள் அதனை 'ஓட்டைக் காலணா' என்றனர். 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய் 100 நயா பைசாவாகப் பகுக்கப்பட்டது. ஓர் அணாவுக்கு ஆறேகால் நயா பைசா என்பது கணக்கு. அந்தக் கால் பைசாவுக்குக் காசு ஏது? சில ஆண்டுகள் கடைத்தெருவில் இரு கணக்குகளும் உடன்வாழ்ந்தன. 25 பைசாவும் அதற்குக் குறைந்த காசுகளும் 2011 சூன் 30உடன் செல்லாதவை ஆயின.

தேடலும் இழப்பும்

சங்ககாலத் தமிழரசர் தம் பெயரில் காசு வெளியிடவில்லை என்றே அறிஞர் பலர் நெடுங்காலம் கருதினர். 1980களில் நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி, தமக்குக் கிடைத்த சதுரச் செப்புக் காசு ஒன்றில் 'பெருவழுதி' என்ற தமிழ்ப் பிராமி எழுத்துகளைக் கண்டறிந்து வெளியிட்டார். பாண்டிய மன்னன் பெயரை அக்காசே உரைத்தது. கரூர் அமராவதி ஆற்றுப்படுகையில் கிடைத்த 'மாக்கோதை', 'குட்டுவன் கோதை' காசுகள் சேரர்க்கும் அவ்வாறே சான்றாயின.

இவற்றுள் பல, ஆற்று மணலை அரித்துப் பிழைப்போர் கையிலிருந்து வணிகர் வழியாக அறிஞரை அடைந்தவை. அவ்வழி கிடைக்காதிருந்தால் அவை உலையில் உருகியிருக்கும். எனினும் ஓர் இழப்பு உண்டு. எந்த மண்ணடுக்கில், எந்தப் பானையோட்டின் அருகில் கிடந்தது என்பது தெரியாத காசின் காலத்தை உறுதிசெய்வது கடினம். அழகன்குளம் போன்ற அகழாய்வுகளில் கிடைத்த காசுகள் உடன்கிடைத்த பொருள்களோடு பதிவானதால், அவற்றின் சாட்சி வலுவாக நிற்கிறது.

சட்டமும் இதனைக் கருதுகிறது. மண்ணில் புதைந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதனை வெளிநாட்டுக்கு அனுப்புதல் கூடாது என்பது 1972ஆம் ஆண்டுச் சட்டம்.

பழங்காசு கிடைத்தவுடன் பலர் செய்வது, புளியிட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்குவது. அப்போது செம்பின்மேல் நூற்றாண்டுகளாய்ப் படிந்த காப்புப் படலம் கரைகிறது. அதனோடு எழுத்தும் கரைந்துவிடலாம். தேர்ந்த சேகரிப்பாளர் காசின் விளிம்பை மட்டும் பிடிப்பார். எடையையும் விட்டத்தையும் அளப்பார். உறையின்மேல் கிடைத்த இடத்தையும் நாளையும் எழுதுவார்.

நெல்லிக்குப்பத்து வீட்டுப் பரணில் கிடைக்கும் ஓட்டைக் காலணாவுக்குச் சந்தையில் விலை சொற்பமே. அது யாருடைய சுருக்குப்பையில் இருந்தது, ஏன் செலவிடப்படாமல் தங்கியது என்பதை அவ்வீட்டுப் பாட்டி சொல்லக்கூடும். அதனையும் உறையின்மேல் எழுத இடம் உண்டு.