முத்திரையும் செயலும்



ஒரு நாட்டுக் குழந்தைகள் எதை வைத்து விளையாடுகிறார்கள் என்று நோக்கினால், அந்நாட்டார் எதை நன்மை என்றும் எதைத் தீமை என்றும் கருதுகின்றனர் என்பது ஒருவாறு விளங்கும். பள்ளியில் நீதிநூல் கற்குமுன்பே குழந்தை விளையாட்டில் நீதி கற்கிறது. இவன் நல்லவன், அவன் கெட்டவன். இவன் வெல்ல வேண்டும், அவன் வீழ வேண்டும் என்பதே அதன் முதற்பாடம். அப்பாடம் எவ்வளவு தூரம் சரியானது என்று ஆராய்வதற்கு ஓர் எளிய பொருளை எடுத்துக்கொள்கிறேன். ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ என்னும் இயந்திர மனிதப் பொம்மைகளின் கதையே அது.

பொம்மைக் கதையில் என்ன ஆராய்ச்சி என்று எண்ண வேண்டா. 1984-இல் அமெரிக்காவில் தொடங்கிய இக்கதை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சித்திரக்கதையாகவும் தொலைக்காட்சித் தொடராகவும் திரைப்படமாகவும் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டு வருகிறது. நம்மிலும் பலர் இப்படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களே. பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்கிறேன். சைபர்ட்ரான் என்னும் கோளில் வாழ்வோர் அனைவரும் உயிருள்ள இயந்திரங்கள். காராகவோ, லாரியாகவோ, விமானமாகவோ, துப்பாக்கியாகவோ உருமாற வல்லவர்கள். அவர்கள் ஆட்டோபாட்டுகள் என்றும் டிசெப்டிகான்கள் என்றும் இரு கட்சியாகப் பிரிந்து, பல இலட்சம் ஆண்டுகளாகப் போர் புரிகின்றனர். முன்னவர்க்குத் தலைவன் ஆப்டிமஸ் பிரைம். பின்னவர்க்குத் தலைவன் மெகட்ரான். முன்னவர் மார்பில் சிவப்பு முத்திரை. பின்னவர் மார்பில் ஊதா முத்திரை. சிவப்பு என்றால் நன்மை, ஊதா என்றால் தீமை. கதை இவ்வளவுதானா என்பதே நம் கேள்வி.

ஒரே பட்டறையில் பிறந்தவர்கள்

இப்பொம்மைகளின் பிறப்பை அறிந்தால் வியப்பு மேலிடும். இவை அமெரிக்காவில் பிறந்தவை அல்ல. ஜப்பானில் டகாரா என்னும் நிறுவனம் 1980-இல் ‘டயாக்ளோன்’ என்ற பெயரில் இயந்திரப் பொம்மைகளை விற்கத் தொடங்கியது. அந்நிறுவனத்தின் டயாக்ளோன், மைக்ரோமேன் என்னும் இரு வரிசைகளிலிருந்தும் பொம்மைகளைத் தெரிந்தெடுத்து, ஹாஸ்ப்ரோ என்னும் அமெரிக்க நிறுவனம் புதிய பெயர் சூட்டிக் கடைக்கு அனுப்பியது. டயாக்ளோன் கதையில் ஆப்டிமஸ் பிரைமாகப் பின்னர் மாறிய லாரியும், டிசெப்டிகான்களின் தளபதி ஸ்டார்ஸ்கிரீமாகப் பின்னர் மாறிய போர் விமானமும் ஒரே பக்கத்தில் நின்றவை. இரண்டையும் ஓட்டியவர்கள் சின்னஞ்சிறு மனித வீரர்களே. பூச்சி வடிவப் பொம்மைகள் சிலவே அங்கும் பகைவர்களாய் இருந்தன.

ஆகவே, தோழர்களாய் இருந்தவற்றைப் பகைவர்களாக்கியது எது? அச்சு மாறவில்லை, சக்கரமும் இறக்கையும் மாறவில்லை. புதிதாக வந்தவை ஒரு கதையும் ஒரு முத்திரைத் தாளுமே. காராக மாறுவன பெரும்பாலும் இப்பக்கம், விமானமாக மாறுவன பெரும்பாலும் அப்பக்கம் என்று வணிகர் பங்கிட்டனர். அன்று முதல் அவை தீராப் பகைவர்களாயின.

பெட்டியின்மேல் எழுதியவை

அக்காலப் பெட்டிகளின்மேல் ஆட்டோபாட்டுகளை வீரர் என்றும் டிசெப்டிகான்களைத் தீயவர் என்றும் அச்சிட்டிருந்தார்கள். பெட்டியின் பின்புறத்தில் ஒவ்வொருவருடைய ஆற்றலையும் அளந்து காட்டும் ஓர் அட்டவணை உண்டு. சிவப்புக் கண்ணாடித் தாளை வைத்துப் பார்த்தால்தான் அது தெரியும். வலிமை, அறிவு, வேகம், தாங்கும் திறன், பதவி, துணிவு, சுடுதிறன், தொழில்திறன் என்று அளவைகள் எட்டு. இந்த எட்டினுள் அறம் என்ற ஒன்று இல்லை என்பதைக் கவனியுங்கள். அறிவுக்கு மதிப்பெண் உண்டு, துணிவுக்கும் உண்டு. நற்குணத்திற்கு மட்டும் மதிப்பெண் இல்லை. அதனை முத்திரையே சொல்லிவிடும் என்று கருதினார்கள் போலும்!

ஆனால் அதே பெட்டியில் அச்சிட்ட சிறு குறிப்புகள் இக்கருத்தைத் தாமே மறுத்தன. பாத்திரங்களுக்குப் பெயரும் குணமும் வகுத்தவர்களுள் முதன்மையானவர் மார்வெல் சித்திரக்கதை நிறுவனத்தைச் சேர்ந்த பாப் புடியான்ஸ்கி. அவர் காலத்துக் குறிப்புகளில், தண்டர்கிராக்கர் என்னும் டிசெப்டிகான் தன் கட்சியின் கொள்கையை முழுதும் நம்பாதவன் என்று எழுதப்பட்டது. மிராஜ் என்னும் ஆட்டோபாட்டோ பழைய செல்வ வாழ்வை எண்ணி ஏங்குபவன், விடுதலைப் போரில் ஈடுபாடு குன்றியவன், முழுதும் நம்பத்தகாதவன் என்று எழுதப்பட்டது. ஊதா முத்திரைக்குள் ஓர் ஐயம். சிவப்பு முத்திரைக்குள்ளும் ஓர் ஐயம். கதை பிறந்த ஆண்டிலேயே இந்த இரண்டும் பிறந்துவிட்டன.

1985-இல் வேறொரு புதுமை வந்தது. பொம்மையின் உடலில் ஒரு சிறு கருஞ்சதுரத்தை ஒட்டினார்கள். விரலால் தேய்த்துச் சூடேற்றினால் அதில் மறைந்திருக்கும் முத்திரை வெளிப்படும். போலிப் பொம்மைகளை அடையாளம் காண்பதற்கு அது ஓர் உபாயம். எனினும் அதனை எண்ணும்போது எனக்கு வேறொன்று தோன்றுகிறது. ஒருவனைத் தேய்த்துப் பார்த்துக் கட்சி அறிவது எளிது. அவன் குணம் அறிய அத்தகைய சதுரம் எவனிடமும் ஒட்டப்படவில்லை.

படைக்கலமாய்ப் படைக்கப்பட்டவன் குற்றவாளியா?

1986-இல் தொலைக்காட்சித் தொடர் இன்னும் ஆழமான கேள்வி ஒன்றை எழுப்பியது. இவ்விரு இனத்தாரையும் படைத்தவர் யார்? குவின்டெசன்கள் என்னும் வேற்றினத்தார், விற்பனைக்காகவே இரண்டு வகை இயந்திரங்களைச் செய்தனர் என்று அத்தொடர் கூறியது. ஒரு வகை வீட்டுக்கும் தொழிலுக்கும் உதவும் பொருள். மற்றொரு வகை போர்க்கருவி. முன்னவர் வழியில் வந்தோர் ஆட்டோபாட்டுகள். பின்னவர் வழியில் வந்தோர் டிசெப்டிகான்கள். இருவரும் எழுந்து படைத்தோரை விரட்டினர். பின்னர்த் தமக்குள்ளே போரிட்டனர்.

கொல்வதற்கென்றே ஒருவனைப் படைத்துவிட்டு, ‘நீ ஏன் கொல்கிறாய்?’ என்று கேட்பது முறையா? படைத்தவன் மேல் பழி இல்லையா? இங்கே வணிகனையும் மறந்துவிடக் கூடாது. 1986-இல் வெளிவந்த திரைப்படத்தில் ஆப்டிமஸ் பிரைம் கொல்லப்பட்டான். பழைய பொம்மைகளை நீக்கிப் புதிய பொம்மைகளை விற்க வேண்டும் என்பதே அச்சாவின் காரணம். குழந்தைகள் அழுதனர், அடுத்த ஆண்டே தொடரில் அவன் உயிர் பெற்று மீண்டான். இரு கட்சியையும் செய்து விற்பவன் ஒருவனே ஆகும்போது போர் ஓய்வதில் அவனுக்கு என்ன ஆதாயம்? குவின்டெசன் கதையை எழுதியோர் இதனை நினைத்து எழுதினார்களோ இல்லையோ, உண்மை பொருந்திவிட்டது.

கட்சி துறந்தவர்கள்

பிறப்பே குணத்தை வகுத்துவிடும் என்றால் அறத்திற்கே இடமில்லை. ஆகவேதான் கட்சி துறந்தவர்களின் கதை இத்தொடரில் சிறப்பிடம் பெறுகிறது. ஸ்கைஃபயர் என்பவன் ஓர் ஆராய்ச்சியாளன். போருக்கு முன் ஸ்டார்ஸ்கிரீமின் உயிர்த்தோழன். பனியில் புதைந்து கிடந்த அவனை டிசெப்டிகான்கள் மீட்டனர். நட்பின் பொருட்டு அவனும் அவர்களோடு சேர்ந்தான். பிடிபட்டவர்களைக் கொல்லும்படி தோழன் ஆணையிட்டபோது மறுத்தான். தோழன் கையாலேயே சுடப்பட்டான். அதன்பின் ஆட்டோபாட்டுகளோடு சேர்ந்தான். 1996-இல் தொடங்கிய ‘பீஸ்ட் வார்ஸ்’ என்னும் தொடரில் டைனோபாட் என்பவனும் இத்தகையவனே. பகைவர் கூட்டத்திலிருந்து வந்தவன். வந்த இடத்திலும் ஐயத்தோடு நோக்கப்பட்டவன். ஆதி மனிதர்களை அழிவிலிருந்து காப்பதற்காகத் தனியாய் நின்று போரிட்டு 1998-இல் ஒளிபரப்பான பகுதியில் உயிர் துறந்தான்.

நமக்கு இச்சிக்கல் புதிதன்று. செஞ்சோற்றுக் கடனுக்காக அண்ணன் பக்கம் நின்று மாண்ட கும்பகருணனையும், அறம் கருதி அண்ணனைத் துறந்த வீடணனையும் வைத்துப் பட்டிமன்றம் நடத்திக்கொண்டே இருக்கிறோம். அவ்வழக்கில் தீர்ப்பு எதுவாயினும் ஒன்று உறுதி: இருவரும் பிறந்த வீடு ஒன்றே.

நியாயமான குறை, நியாயமற்ற வழி

இனி, அண்மைக் காலத்துக் கதைகளுக்கு வருவோம். மெகட்ரான் ஏன் போர் தொடுத்தான் என்று பழைய கதைகள் பெரிதாகக் கேட்கவில்லை. கேட்கத் தொடங்கியபோது கதையே மாறிற்று. ஐடிடபிள்யூ என்னும் பதிப்பகம் 2005 முதல் 2018 வரை வெளியிட்ட சித்திரக்கதைகளில் மெகட்ரான் ஒரு சுரங்கத் தொழிலாளி. எந்த உருவாக மாறுகிறானோ அதுவே அவன் தொழில், அதுவே அவன் தகுதி என்று வகுத்த ஒரு சமுதாயம் அது. பிறப்பால் தொழில் வகுக்கும் கொடுமையை அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆட்சி மன்றமோ ஊழல் மலிந்தது. அதனை எதிர்த்து எழுதியவன் மெகட்ரான். பின்னாளில் ஆப்டிமஸ் பிரைம் ஆகப்போகிற ஓரியன் பேக்ஸ் அப்போது ஒரு காவல் அதிகாரி.

2024-இல் வெளிவந்த ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ஒன்’ என்னும் திரைப்படம் இதனை வேறு வகையில் சொன்னது. அதில் இருவருமே சுரங்கத்தில் உழைக்கும் நண்பர்கள். இருவருமே உருமாறும் ஆற்றல் பறிக்கப்பட்டவர்கள். டி-16 என்பவனே பின்னர் மெகட்ரான் ஆகிறான். மக்கள் வணங்கிய தலைவன் சென்டினல் பிரைம் தங்களை ஏமாற்றி அடிமைகளாக்கினான் என்னும் உண்மையை இருவரும் ஒன்றாகவே அறிகின்றனர். குறை ஒன்று, கோபமும் ஒன்று. டி-16 பழி தீர்க்கத் துடிக்கிறான். ஓரியன் குறுக்கே பாய்ந்து குண்டைத் தன் உடலில் தாங்குகிறான். விழுந்துகொண்டிருக்கும் நண்பனின் கையைப் பற்றியிருந்த டி-16 அக்கையை விட்டுவிடுகிறான்.

அந்த இடத்தில்தான் கட்சி பிறக்கிறது. முத்திரை அதற்குப் பின்னர் வருவது. டி-16 கொண்ட கோபத்தைத் தீயது என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. கையை விட்டதை நல்லது என்று சொல்லவும் ஒப்பவில்லை. நியாயமான குறை, தான் தேடிக்கொள்ளும் வழியை எல்லாம் நியாயமாக்கிவிடாது.

நல்லவர் கையிலும் கறை

மறுபக்கத்தையும் அஞ்சாமல் நோக்க வேண்டும். 2011-இல் வந்த திரைப்படத்தில் சென்டினல் பிரைம் என்னும் ஆட்டோபாட் முதியவனே தன் கோளை மீட்கும் வெறியில் மனிதகுலத்தைக் காட்டிக்கொடுக்கிறான். இறுதியில் தோற்று வீழ்ந்து கெஞ்சும் அவனை ஆப்டிமஸ் பிரைம் சுட்டுக் கொல்கிறான். திரையரங்கில் அதற்கும் கைதட்டலே எழுந்திருக்கும். அதே செயலை ஊதா முத்திரை அணிந்தவன் செய்திருந்தால் கொலை என்போம். சிவப்பு முத்திரை அணிந்தவன் செய்ததால் தண்டனை என்கிறோம்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சியும் உண்டு. ஐடிடபிள்யூ கதைகளில் 2014-ஆம் ஆண்டு மெகட்ரானே ஆட்டோபாட் முத்திரை அணிந்து ஒரு கப்பலின் தலைமைப் பொறுப்பேற்கிறான். கப்பலில் உள்ளவர் பலர் அவனால் உற்றாரை இழந்தவர்கள். முத்திரையை மாற்றியதால் மாண்டவர் மீள்வரோ? மீளார். திருந்தியவன் செய்யும் நன்மை நன்மையே; ஆயினும் அது பழைய கணக்கைக் கிழித்து எறிந்துவிடாது. இரண்டையும் ஒருங்கே மனத்தில் வைத்துக்கொள்வது கடினம். அக்கடினத்தை வாசகர் தாங்குவர் என்று நம்பி எழுதினார்கள் என்பதே அக்கதையின் பெருமை.

நாம் கொள்ள வேண்டுவது

இத்தனையும் கேட்டபின், ‘அப்படியானால் இரு கட்சியும் ஒன்றுதானே?’ என்று சிலர் கேட்பர். இல்லை என்பதே என் விடை. இங்கு இரண்டு தவறுகள் உண்டு. முத்திரையைப் பார்த்துத் தீர்ப்புக் கூறுவது ஒன்று. எல்லாரிடமும் குறை உண்டு என்று சொல்லித் தீர்ப்பே கூறாமல் நழுவுவது மற்றொன்று. முன்னது குழந்தையின் தவறு. பின்னது கற்றவர்களின் தவறு. கற்றவர்களின் தவறே பெரிது. பிடிபட்டவனைக் கொல்ல மறுத்த ஸ்கைஃபயரும், கொல்லச் சொன்ன ஸ்டார்ஸ்கிரீமும் ஒருநாளும் ஒன்றாகமாட்டார்கள்.

விடுதியிலும் தேர்தலிலும் நமக்கும் முத்திரைகள் உண்டு. எந்த மாநிலம், எந்த மொழி, எந்த அணி என்று கேட்டுத் தேய்த்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. ‘தெற்கிலிருந்து வந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான்’ என்று யாரேனும் சொன்னால் நமக்கு நோகிறது. நாமும் பிறரைப் பற்றி உணவுக்கூடத்தில் அதே சொல்லைச் சொல்லிச் சிரிக்கிறோம். நம் அணியைச் சேர்ந்தவன் புதிதாய் வந்த மாணவனை வருத்தினால் அது விளையாட்டு. வேறு அணியினன் செய்தால் அது கொடுமை. இதனினும் பெரிய போர்களுக்கு இங்கேதான் பயிற்சி பெறுகிறோம்.

ஆகவே ஒருவரைப் பற்றித் தீர்ப்புக் கூறுமுன் மூன்று கேள்விகளைக் கேட்கும்படி உங்களை வேண்டுகிறேன். இவனுடைய குறை என்ன? அதற்கு இவன் தேடிய வழி என்ன? தோற்றவன் இவன் கையில் சிக்கியபோது இவன் செய்தது என்ன? முதற்கேள்வி பகைவனையும் நமக்குப் புரியவைக்கும். இரண்டாவது, புரிந்துகொள்வதை மன்னிப்பதோடு குழப்பாமல் காக்கும். மூன்றாவது கேள்வியை நம் கட்சித் தலைவரிடமும் கேட்க வேண்டும். அங்கேதான் நாம் பெரும்பாலும் வாய்மூடி இருந்துவிடுகிறோம்.